கஞ்சி

புத்தாண்டு பிறந்ததும் திண்டிவனம் சபையில் மூன்று நாள் உபவாச ஜெபம் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கும் மகன் ஜெஸ்வினுக்காக எலியேசரும் பச்சைத் தண்ணீரோடு முழங்காலில் நின்றான்.

கடைசி நாள், ஜெபம் முடியும் முன்பே அவன் மனைவி தெபோராள் கஞ்சியோடு வந்தாள்.

"அதுக்குள்ள பசி தாங்கலையாக்கும்!" என்று பக்கத்தில் ஜெபித்துக்கொண்டிருந்த ஒருத்தி இடித்துப் பேசினாள்.

"புள்ள கண்ணு முழிக்கட்டும் மே, அப்புறம் குடிக்கிறேன்," என்றான் எலியேசர்.

"முழிச்சிக்கினான்யா. இப்பதான் போன் வந்துச்சி. ஜல்தி குடி."

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!" அழுதுகொண்டே ஒரே மூச்சில் குடித்து முடித்தான். "உனுக்கு எங்க மே?"

தெபோராள் காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு எறங்காதுய்யா. உனுக்குத்தான் தெம்பு வேணும். கல்லறைக்கு நம்ம புள்ளையோட பொட்டிய நீதான தூக்கணும்."