மூன்றாம் மாடி மெஷின்

"மெஷினைக் குடுங்க மேடம்! பெரிய டாக்டர் கையெழுத்து இல்லாம அது மூணாவது மாடியை விட்டு இறங்கக் கூடாது!"

படியில் ஓடி வந்ததில் எக்கோ டெக்னீஷியன் சுகுமாருக்கு மூச்சு வாங்கியது. அவசரப் பிரிவு டாக்டர் ரூக்சார் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. லிஃப்டிலிருந்து மெஷினை விறுவிறுவென்று தள்ளி வந்து, திரைக்குள் நுழைந்துவிட்டாள்.

2005-ல் வாங்கிய, இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ மெஷின். அந்தத் தாம்பரம் ஆஸ்பத்திரிக்கே அது ஒன்றுதான். அங்கே ரூல் என்றால் எமனே வந்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

உள்ளே, சிட்லபாக்கம் ஏரிக்கரையில் வாக்கிங் போன இடத்தில் சுருண்டு விழுந்தவர் கிடந்தார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது.

"பி.பி. எழுபதுக்கு இறங்கிடுச்சு டாக்டர்!" என்றாள் நர்ஸ் கிறிஸ்டினா.

திரைக்கு வெளியே சுகுமார் விடவில்லை. "உள்ள யாரு மேடம், வி.ஐ.பி.யா?"

"நெஞ்சு வலின்னு வந்தவர். அது போதாதா?"

"பேஷண்டைத்தான் மேல கூட்டிட்டு வரணும். ஏற்கெனவே ரெண்டு மெமோ வாங்கிட்டீங்க. இன்னொண்ணு வந்தா வேலையே போயிடும்!"

"போகட்டும். போன மாசம் மளிகைக்கடை சாம்பசிவத்தை லிஃப்டுக்குக் காக்க வெச்சோம். மேல போறதுக்குள்ள போயிட்டார். இன்னொரு தடவை அதைப் பாத்துகிட்டு நிக்க என்னால முடியாது, சுகுமார்."

நெஞ்சில் கருவியை வைத்தாள். மெஷினில் இதயம் தெரிந்தது. அதைச் சுற்றிலும் கறுப்பாக ஒரு வளையம்.

"அட்டாக் இல்ல சிஸ்டர். இதயத்தைச் சுத்தித் தண்ணி கட்டி அமுக்குது. மேல தூக்கிட்டுப் போயிருந்தா அவ்ளோதான். ஊசியை எடுங்க!"

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் படத்தைப் பார்த்தபடியே ஊசியை இறக்கினாள். சிரிஞ்சில் நீர் ஏற ஏற, பி.பி. எண்பது, தொண்ணூறு, நூறு என்று ஏறியது.

"அப்பாடா! ஏசப்பா!" என்று கிறிஸ்டினா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"எல்லாம் சரி மேடம்," சுகுமார் திரை இடுக்கில் ரிஜிஸ்டரை நீட்டினான். "இதுல பெரிய டாக்டர் கையெழுத்துக் கட்டம் காலியா இருக்கே, அவர் கேட்டா நான் இன்னா சொல்றது?"

கட்டிலில் கிடந்தவர் மெல்லக் கண் திறந்தார். கையை நீட்டினார்.

"பேனாவோட இப்படிக் கொண்டாப்பா சுகுமார், போட்டுடறேன்" என்றார் பெரிய டாக்டர்.