அட்டையின் பின்பக்கம்

புது அட்டை முறையைச் சோதிக்க அதிகாரி வருவதாகத் தகவல் வந்திருந்தது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் உள்ளே நுழைந்ததும் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் குமாஸ்தா அமிர்தசாமி எழுந்து நின்றார்.

"கல்யாணப் பதிவெல்லாம் முன்ன தேதி வாரியா லெட்ஜர்ல கிடந்துச்சு சார். ஒண்ணத் தேட மூணு நாளாவும். இப்ப பொண்ணு பேரு தெரிஞ்சா போதும்."

"இருக்கிற வூட்டு விலாசம்?"

"மேல, வலது மூலையில, பளிச்சினு எழுதியிருக்கேன் சார்."

"நீங்க தேடக் கூடாது. புதுசா வர்றவனுக்குக் கிடைக்குதான்னு பாக்கணும். நானே தேடுறேன்."

அமிர்தசாமி கடிகாரத்தைப் பார்த்தார். வந்தவர் 'கோ' டிராயரை இழுத்து, நாலைந்து அட்டைகளைத் தள்ளி, ஒன்றை உருவினார். நாற்பதே விநாடி!

"மடுகரை, ஏரிக்கரைத் தெரு, கடைசி வீடு" என்று மெதுவாகப் படித்தார். "நல்லா பண்ணியிருக்கீங்க. எட்டு மாசமா அலையறேன்."

ஊர் ஊராக ஆபீஸ்களைச் சோதித்த களைப்பு என்று அமிர்தசாமி நினைத்துக்கொண்டார். அட்டையை மேசைமேல் போட்டுவிட்டு வந்தவர் போனார். வெளியே மோட்டார் சைக்கிள் உறுமிக் கிளம்பியது.

கால் மணி நேரத்தில் தோல் பையோடு இன்னொருவர் வியர்க்க வியர்க்க வந்தார்.

"பஸ் லேட்டுப்பா. உங்க அட்டை முறையைச் சோதிக்கத்தான் வந்தேன். ஆரம்பிக்கலாமா?"

முதலில் வந்தவரிடம் பேர்கூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அமிர்தசாமி மேசைமேல் கிடந்த அட்டையைத் திருப்பினார்.

கல்யாணப் பதிவுக்குக் கையெழுத்துப் போட வந்த அன்று அந்தப் பெண் அழுது கேட்டுக்கொண்டதற்காக, பின்பக்கத்தில் அவரே சிவப்பு மையில் எழுதியிருந்தார்:

"கோகிலாம்பாள். அண்ணனால் உயிருக்கு ஆபத்து. விலாசத்தை யாருக்கும் காட்ட வேண்டாம்."