இரண்டு சுழி

வீரையா விடைத்தாளில் ஒரு விடையும் எழுதவில்லை.

நேராக என் மேசைக்கு வந்து மைப்பெட்டியைத் திறந்தார். ஆறு மாதத்துக்கு முன்பு, வகுப்பில் சேரும் படிவங்களில் கைநாட்டு வைக்க வாங்கியது. காய்ந்து போயிருந்தது. இடது பெருவிரலை இரண்டு தரம் அழுத்தி, தாளின் தலையில் பதித்தார்.

மற்றப் பத்துக் கைதிகளும் தலை நிமிராமல் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பதினொரு பேரில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த பாஸ் இவர் ஒருவர்தான். ஹந்தானைத் தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டியவர். ஐம்பத்திரண்டு வயதில் ‘அ’னா தொடங்கி, இப்போது பத்திரிகையில் மரண அறிவித்தல்வரை வாசிப்பார்.

மூன்று சுழியும் இரண்டு சுழியும்தான் தகராறு. ‘மனைவி’ என்று எழுதச் சொன்னால் ‘மணைவி’ என்பார். மணை என்றால் பலகை, உங்கள் மனைவி வீரம்மாக்காவைப் பலகையாக்கிவிட்டீர்களே என்று கேலி செய்திருக்கிறேன். வகுப்பே சிரிக்கும். மறுநாளும் மூன்று சுழிதான்.

“என்ன வீரையாண்ணே, இது?”

“அடுத்த மாசம் அப்பீலு டீச்சர். எழுதப் படிக்கத் தெரியாத ஆளு, என்னா எழுதியிருக்குன்னு தெரியாமத்தான் பொலிசுல வாக்குமூலத்துக்குக் கைநாட்டு வச்சாருன்னு லோயர் சொல்லப்போறாரு. இப்ப சர்ட்டிபிகேட்டு வந்தா, எப்ப படிச்சேன்னு யாரு பாக்குறா?”

தாளுக்கு அடியில், ஆறு மாதமாக எழுதிப் பழகிய தன் கொப்பியையும் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. முதல் நாள் பென்சிலைத் தலைகீழாகப் பிடித்தவர். நானே சாட்சி. ஆனால் என்னை யாரும் கூப்பிடப்போவதில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. ஏழு வருடமாகச் சிறைகளில் படிப்பிக்கிறேன். அதெல்லாம் எப்போது நின்றதென்று தெரியாது.

கொப்பியை என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்குக் காவலர் வந்து கதவடியில் நின்றார். தாள்களை அவரிடம் எண்ணிக் கொடுக்க வேண்டும். வீரையாவின் தாள் மட்டும் மறுபக்கம் திரும்பிக் கிடந்தது.

பின்பக்கம், கீழ் மூலையில், பென்சிலால் ஒரு வரி.

‘மன்னிச்சிருங்க டீச்சர்.’

நான் சொல்லி எழுதியதல்ல. கரும்பலகையைப் பார்த்து எழுதியதுமல்ல. ஆறு மாதத்தில் அவர் தானாக எழுதிய முதல் வசனம்.

இரண்டு இடத்திலும் இரண்டு சுழி. இரண்டும் சரி.

பழக்கதோஷத்தில் கை சிவப்புப் பேனைக்குப் போனது. சரி போட மூடியையும் கழற்றிவிட்டேன்.

காவலர் கையை நீட்டினார்.

பேனையை மூடிவிட்டு அழிரப்பரை எடுத்தேன். அழுத்தி எழுதியிருந்தார், நேரமெடுத்தது. துகளை ஊதிவிட்டு, பெறுபேற்றுப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே எழுதினேன்.

‘எழுதத் தெரியாது.’