வேலையிழந்தோர் நிதிக் கொள்ளை

இதனால் தென்காசி, மேலகரம், இலஞ்சி, குற்றாலம் மற்றும் சுற்றுப்பட்டுக் கிராமங்களைச் சேர்ந்த வேலையற்ற மகாஜனங்கள் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், இனிமேல் அவர்கள் ஒன்றுக்கும் கவலைப்பட வேண்டியதில்லை.

1932-ம் வருஷம் ஆனி மாதம் அப்படித்தான் தமுக்கு அடித்துச் சொன்னார்கள். உலகமெங்கும் வியாபாரம் படுத்து, வேலை போனவர்கள் பெருகிவிட்டதால், அவர்களுக்குப் படியளக்க 'வேலையிழந்தோர் சகாய நிதி' குற்றாலத்தில் உதயமாயிற்று. உதயமாக்கியவர் ஸ்ரீமான் தங்கசாமி அவர்கள். ராவ் சாகிப் பட்டம் அடுத்த ஜனவரியில் வந்துவிடும் என்று பல ஜனவரிகளாக நம்பிக்கொண்டிருந்தவர்.

திறப்பு விழாவுக்குப் பந்தல், இரட்டை நாகசுரம், வந்தவர்களுக்கெல்லாம் ரோஜா மாலை, வடை பாயசத்தோடு பந்தி. ஊரில் வசூலான ஐந்நூறு ரூபாய்க்கென்று தேக்குப் பெட்டி ஒன்று, பூட்டுப் போட்டுத் தங்கசாமியின் பங்களா முன்ஹாலில் வைக்கப்பட்டது. பெட்டிக்கும் ஒரு ரோஜா மாலை.

முதலில் மனுப் போட்டவர் இலஞ்சி செல்லப்பா. செங்கோட்டைப் பக்கம் ஒரு மர டிப்போவில் கணக்கெழுதியவர். ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது அவருடைய நாற்காலியே அங்கே இல்லை. அதற்கு ஆட்குறைப்பு என்று பெயராம். வீட்டில் மனைவி உலகம்மாள், மூன்று பிள்ளைகள், காலிக் குதிர்.

சகாயம் பெறுவது லேசான காரியம் அல்ல. வேலை போயிற்று என்று பழைய முதலாளி எழுதித் தர வேண்டும். ஆள் திறமைசாலி என்றும் அவரே எழுதித் தர வேண்டும்.

"தெறமசாலின்னு எழுதுனா, பெறகு ஏன்வே நிறுத்துனீருன்னு என்னையல்லா கேப்பான்?" என்றார் முதலாளி.

சலவைச் சட்டையோடு போனால், இவருக்கு என்ன கஷ்டம் என்றது கமிட்டி. கிழிந்த சட்டையோடு போனால், கமிட்டிக்கு மரியாதை இல்லையா என்றது. தங்கசாமியை வாய் தவறி 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டதற்காக மனு ஒரு வாரம் கிடப்பில் கிடந்தது. 'பிரசிடெண்டு அவர்கள்' என்று சொல்ல வேண்டும்.

ஒருவழியாக மனு பாஸாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சப்-கலெக்டர் துரையே வந்து, பெட்டியைத் திறந்து, தம் கையால் சகாயம் வழங்குவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை பிரசிடெண்டு செல்லப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். இன்னும் ஏதாவது அத்தாட்சி பாக்கியோ என்னவோ, செல்லப்பா திரும்பி வந்தபோது முகம் கறுத்துக் கிடந்தது. நேரே பக்கத்து வீட்டுக்குப் போய்க் கடப்பாரை இரவல் கேட்டார்.

உலகம்மாள் கடப்பாரையைப் பார்த்தாள். அதுவரை பேனாவைத் தவிர வேறொன்றும் தூக்காத கையைப் பார்த்தாள்.

"வேற வழியே இல்லையா?"

"இல்லளா. பிள்ளைய பசி தாங்காது."

"பிடிச்சிருவாவளே."

"பிடிக்கத்தான செய்வாவ" என்றார் செல்லப்பா.

சனிக்கிழமை மத்தியானம் நல்ல சாரல். கமிட்டி முழுவதும் தலை முதல் கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கடியில் நின்றது. பங்களாவில் ஈ காக்கை இல்லை. குளித்து முடித்துத் திரும்பினால், பெட்டி விறகாகக் கிடந்தது. ரோஜா மாலை மட்டும் சேதமில்லை.

துப்புத் துலக்கும் சிரமத்தைக் கான்ஸ்டபிள் பலவேசத்துக்கு யாரும் வைக்கவில்லை. சிற்றாற்றங்கரையில், கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டு, தெப்பமாக நனைந்து செல்லப்பா உட்கார்ந்திருந்தார். ஆற்றைத் தாண்டும்போது பாறை வழுக்கிவிட்டதாம். பண முடிப்பை வெள்ளம் கொண்டுபோய்விட்டதாம்.

"எந்த எடத்துலவே விழுந்துச்சு?" என்று பலவேசம் அதட்டினார்.

"வெள்ளத்துல எடம் எங்கன இருக்கு? எல்லாம் தண்ணிதான்."

ஊரில் பாதிப் பேர் ஆற்றில் முங்கிப் பார்த்தார்கள். ஜலதோஷம் பிடித்ததுதான் மிச்சம். மறுநாள் வந்த துரை, உடைந்த பெட்டியைப் பார்த்துப் பிரசிடெண்டின் தோளில் தட்டி ஆறுதல் சொல்லிவிட்டு, அருவியில் குளித்துவிட்டுப் போனார்.

குற்றத்தை ஒப்புக்கொண்ட செல்லப்பாவுக்கு ஒரு வருஷம் கிடைத்தது. கோர்ட்டு வாசலிலேயே பிரசிடெண்டு ஒரு பிரசங்கம் செய்தார். ஏழைகளின் வயிற்றில் அடித்த பாதகனானாலும், அவன் பெண்டாட்டி பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? அவன் உள்ளே இருக்கும் வரை, மாதம் ஒரு கோட்டை நெல் தம் சொந்தக் களஞ்சியத்திலிருந்து அந்த வீட்டுக்குப் போகும் என்றார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒரு புலவர் வெண்பாவே பாடிவிட்டார். இப்பேர்ப்பட்ட தயாள குணம் சர்க்கார் காதுக்கு எட்டாமல் போகுமா? ஜனவரியில் பட்டம் வந்தது.

பாராட்டு விழாவுக்கும் அதே பந்தல், அதே இரட்டை நாகசுரம். புலவர் இரண்டாவது வெண்பாவை ஆரம்பித்த சமயத்தில், மொட்டைத் தலையும் ஒட்டிய கன்னமுமாகச் செல்லப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஜெயிலில் சத்தியாக்கிரகத் தொண்டர்களுக்கே இடம் போதாமல், சில்லறைத் திருடர்களைத் தவணைக்கு முன்பே விடுகிறார்கள் என்று ஊரில் பேச்சு இருந்தது.

காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று சபை எழுந்து நின்றது. புலவரும் நிறுத்தினார். ராவ் சாகிப் தங்கசாமி அவர்கள், மன்னிப்பதற்குத் தோதாகக் கையை உயர்த்தினார்.

செல்லப்பா விழவில்லை. துண்டை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"அண்ணாச்சி, எம்மேல ஒரு தப்பும் இல்ல. எடமில்லன்னு அவியளா வெளிய அனுப்பிட்டாவ. ஒரு வருச வேலன்னு நீங்க சொன்னதாலதான் ஒத்துக்கிட்டுப் போனேன். இப்பிடிப் பாதியில நிறுத்துனா, மிச்ச மாசத்து நெல்லு வருமா, இல்ல அதுக்கும் மனுப் போடணுமா?"

பெட்டி முதலிலிருந்தே காலி. வசூலான பணம் திறப்பு விழாவுக்கே பற்றவில்லை.