பக்கத்துத் தடம்

ஜெசிந்தா பட்டர்ஃபிளை நீச்சலில் ஆசிய சாம்பியனானபோது தூத்துக்குடிக் குளத்தில் அவள் மட்டும்தான் இருந்தாள். இப்போதெல்லாம் போட்டிகளில் அவரவர் ஊரிலேயே நீந்துகிறார்கள். திரையில்தான் எல்லோரும் ஒன்றாகத் தெரிவார்கள்.

சுவரைத் தொட்டதும் ஒலிபெருக்கியில் கைதட்டல் கேட்டது. கைகுலுக்கத் திரும்பினாள். மற்றத் தடங்களில் யாருமே இல்லை.

வீட்டுக்குப் போனதும், இரண்டாவதாக வந்த மட்டக்களப்பு துஷ்யந்தியைப் போனில் அழைத்தாள்.

"அக்கா, ஒருதரம் இங்க வந்து எங்கூட நீந்துறீங்களா? போட்டி இல்ல, சும்மாதான்."

"வரலாம் தங்கச்சி. ஆனா பக்கத்தில ஆள் நீந்தினா அலை அடிக்கும்தானே? அந்தத் தண்ணிக்குள்ள எனக்கு நீந்தத் தெரியாது."

"எனக்கும் தெரியாதுக்கா," என்றாள் ஜெசிந்தா. "அதுக்குத்தான் கூப்பிடுறேன்."