தடிக் கம்பி கீழே

"ஆறு கம்பியையும் கழட்டி, தலைகீழா மாட்டித் தரணும் அண்ணாச்சி. தடிக் கம்பி கீழ வரணும், மெல்லிசுக் கம்பி மேல போகணும்."

தளவாய் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எதிரே நின்றவளைப் பார்த்தார். ரெஜிஸின் மனைவி ஜெப்ஸி. கல்யாணத்தன்று பார்த்ததைவிடப் பாதியாக இளைத்திருந்தாள். அவள் மேசைமேல் வைத்த ரெஜிஸின் கிட்டாரை அவருக்கு நன்றாகத் தெரியும். பழுது பார்க்க எத்தனையோ கிட்டார்கள் வரும். வேலை முடிந்ததும் சொந்தக்காரனை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்பது, இது வந்தால் மட்டும்தான்.

கிட்டார்ப் பையின் ஜிப்பைத் திறந்தார். இந்த ஊர் உப்புக்காற்றில் ஒரு மாதத்தில் துருவேறிவிடும் கம்பிகள் புதுசுபோலப் பளபளத்தன. மரத்தில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"தினமும் துடைக்கியோ?"

"கப்பல் வேலைக்குப் போகையில சொல்லிட்டுப் போனாரு. பருத்தித் துணியால துடைக்கணும், கம்பியக் கொஞ்சம் தளர்த்தி வைக்கணும், சன்னல் பக்கம் வைக்கக் கூடாதுன்னு."

"இவ்வளவு பாத்துப் பாத்து வச்சிருந்துட்டு, இப்ப ஏம்மா கெடுக்கச் சொல்லுத?"

"கெடுக்கச் சொல்லல. மாத்தத்தானே சொல்லுதேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். இங்கன பாரு." கிட்டாரின் கழுத்து முனையில் இருந்த சின்ன வெள்ளைக் கட்டையைத் தொட்டுக் காட்டினார். "ஒவ்வொரு கம்பிக்கும் இதுல ஒரு பள்ளம். தடிக் கம்பிக்கு அகலம், மெல்லிசுக்கு ஒடுக்கம். தலைகீழா மாட்டணும்னா இதைப் பேத்து எறிஞ்சுட்டு வேற வெட்டி ஒட்டணும். அதுக்கப்புறம் இது இடக்கைக்காரனுக்குத்தான் ஆகும். ரெஜிஸ் வந்து எடுத்தா ஒரு பாட்டுக்கூட வாசிக்க முடியாது."

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று கடையை அதிரவைத்துக் கடந்து போயிற்று. சுவரில் தொங்கிய கிட்டார்களெல்லாம் மெல்ல முனகி அடங்கின.

"யாருக்கு இது? உன் தம்பிக்கா?"

"வாசிக்கப் போறவுகளுக்கு இப்படித்தான் வேணும் அண்ணாச்சி."

தளவாய்க்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"முதல் சம்பளத்துல வாங்குன கிட்டாருன்னு அவன் இதை யாரையும் தொட விட்டதில்ல, தெரியுமா? அவன் கடல்ல கெடந்து கஷ்டப்படுதான். நீ அவன் சாமானைத் தூக்கி இன்னொருத்தருக்குக் கொடுக்குத. நல்லா இருக்கு நியாயம்!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அது அவருக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. செல்போனை எடுத்தார்.

"இரு. அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் கை வைப்பேன்."

"கூப்பிடாதீங்க!" பதறிப்போய் அவர் கையைப் பிடித்துவிட்டாள். பிறகு வெட்கப்பட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவருக்குத் தெரிய வேண்டாம். நாளைக்கு ஏதும் கேட்டாருன்னா, ஜெப்ஸிதான் செய்யச் சொன்னான்னு சொல்லிருங்க. பழி என்மேல இருக்கட்டும்."

தளவாய் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு வேலையில் இறங்கினார். முடியாது என்று அனுப்பினால் கத்துக்குட்டி எவனிடமாவது கொண்டுபோய் மரத்தையே பிளந்துவிடுவாள் என்று பயந்தார்.

கம்பிகளைக் கழற்றினார். வெள்ளைக் கட்டையின் பக்கவாட்டில் மரத்துண்டை வைத்துச் சுத்தியலால் தட்டினார். அது பெயர்ந்து விழுந்தபோது ஜெப்ஸி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். புதிய கட்டையில் பள்ளம் அரத்தால் ராவி, ஒட்டி, கம்பிகளை இடம் மாற்றிக் கட்டி, சுருதி சேர்த்தார். மடியில் வைத்து ஒருமுறை மீட்டினார். விரல்கள் தடுமாறின. தெரிந்த வீட்டில் இருட்டில் முட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

"இந்தா. ரெஜிஸ் முகத்துல நான் எப்படி முழிப்பேன்னு தெரியல."

அவள் கிட்டாரைப் பச்சைப்பிள்ளையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கினாள். நகராமல் நின்றாள்.

"அண்ணாச்சி, இதை எப்படிப் பிடிக்கணும், எந்த விரலை எங்க வைக்கணும்னு நீங்க ஒருவாட்டி சொல்லித் தர முடியுமா?"

"வாசிக்கப் போற தொரைய இங்கன வரச் சொல்லு."

"அவரு வீட்டு வாசலே தாண்ட மாட்டேங்காரு."

"யாரு?"

"ரெஜிஸ்தான் அண்ணாச்சி." ஜெப்ஸியின் குரல் உடைந்தது. "கப்பலைக் கரையில கட்டுத வடக்கயித்துல சிக்கி இடது கையில நாலு விரலும் போயிட்டு. போன மாசமே வீட்டுக்கு வந்துட்டாரு. வலது கையால கம்பியப் பிடிச்சு, மிச்சமிருக்க பெருவிரலால மீட்டிக்கிடலாம்லா? இப்படி மாத்துததை அவர்கிட்ட இன்னும் சொல்லல. இதைக் கடல்ல வீசிட்டு வரச் சொல்லித்தான் என்னைய அனுப்பினாரு."