முன்வரிசை

திரையில் என் மகன் குதிரைகளுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தான். கொட்டகையே சிரித்தது.

நான் தொப்பியைக் கூடக் கழற்றவில்லை.

அரிசோனாவின் இந்தப் பக்கத்தில் புரூயிட் என்ற பெயரைக் கேட்டால் ஆட்கள் எழுந்து நிற்பார்கள். என் தகப்பனார் இந்த வட்டாரத்துக் காவல் தலைவர், ஷெரீப். நானும் ஷெரீப். அந்தப் பெயரைச் சுமக்க வேண்டிய ஆர்லோ, கலிஃபோர்னியாவுக்கு ஓடிப்போய் முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு கோமாளி ஷெரீப்பாக நடிக்கிறான்.

இனி என் வாசலை மிதிக்காதே என்று சொன்னது சொன்னதுதான். அவன் கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினேன்.

இந்த அவமானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கொட்டகைக்காரனைக் கூப்பிட்டு இந்த ஊமைப்படத்தை நிறுத்தத்தான் வந்தேன். என் மனைவி கோராவை நான் அழைக்கவில்லை. அவளாகவே கிளம்பினாள். முன்வரிசைதான் வேண்டும் என்று பிடிவாதம் வேறு.

விஷக்காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். ஆர்லோ வீட்டில் இருந்தவரை, சாப்பாட்டு மேசையில் இருவரும் சத்தமே இல்லாமல் பேசிச் சிரிப்பார்கள். எனக்கு அது பிடிக்காது.

திரையில் அவன் தொட்டியிலிருந்து எழுந்து நடந்தான். விறைத்த முதுகு. இழுத்து இழுத்து வைக்கும் இடது கால்.

"யோவ் ஷெரீப்பு, அப்படியே நீதான்யா! கால்ல வாங்குன குண்டையும் புள்ளைக்கே எழுதி வெச்சிட்டியா?" பின்வரிசையிலிருந்து நாவிதன் ஹேஸ்கல் கத்தினான்.

கைத்தடியை இறுக்கிப் பிடித்தேன்.

படத்தில் அவன் பெண்டாட்டி வாணலியோடு வந்தாள். அவன் மண்டியிட்டான். தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் நேராக எங்களைப் பார்த்தான். உதடுகள் அசைந்தன. நிதானமாக, வெகுநேரம் அசைந்தன.

பிறகு அவன் பேச்சு திரையில் எழுத்தாக வந்தது: 'அடிக்காதே கண்ணே, பாத்திரத்தை நானே தேய்க்கிறேன்!'

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அவ்வளவு நேரம் பேசியதற்கு இந்த ஒரு வரிதானா?

திரும்பிப் பார்த்தேன். கோரா சிரிக்கவில்லை. சத்தமில்லாமல் அவள் உதடுகளும் அசைந்துகொண்டிருந்தன.

படம் முடிந்து வெளியே, வெயிலில், அவள் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"என்ன சொன்னான் உன்கிட்ட? என்னைப் பத்தி ஏதாவது கேட்டானா?"

"உங்களைப் பத்தி ஒண்ணுமே இல்ல. அடுத்த ஆட்டத்துக்கும் நான் உள்ள போறேன்."

அடுத்த ஆட்டமே நடக்காது என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவள் என் முகத்துக்கு நேராகக் கண்களை மூடிக்கொண்டாள்.